மூன்றாவது கட்டம்

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் நான்கு தலையணைகள். மற்றவர்கள் ஆளுக்கொரு தலையணையோடு பாயில் படுத்திருக்க, நான் நான்கையும் சுவரோரமாக அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். படுத்தால் மூச்சு முட்டும். விடிகாலை மூன்றரை, நான்கு மணிக்கு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கும். உள்ளே இழுத்த காற்று வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறும். அம்மா எழுந்து வந்து முதுகை நீவுவாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வருவாள். "ஊதிக் குடி கண்ணு" என்பாள். ஊத எனக்கு மூச்சு இருக்காது. அவளே ஊதி ஆற்றிக் கொடுப்பாள்.

காப்பியில் இருக்கும் கஃபீனும், மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் தியோஃபிலினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். அம்மாவின் கைவைத்தியத்தில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. அந்த நான்கு தலையணைகளும் இலவம்பஞ்சு. எனக்கு ஆகாத தூசிப்பூச்சி குடியிருந்தது அவற்றுக்குள்தான் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகளைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அவை. அவற்றின் கழிவு மூச்சில் போனால் போதும், குழாய் சுருங்கிவிடும். அம்மா வாரம் ஒருமுறை அந்தத் தலையணைகளை வெயிலில் போட்டுப் பிரம்பால் தட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஊர் உடுமலைப்பேட்டை. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து புறப்பட்டு வந்து வீட்டுக் கதவையெல்லாம் அறையும். வாசலில் காய்கிற துணியில் மண் ஏறும். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. வேலை முடிந்து வந்தால் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்காக அவர் பின்வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறிவிட்டு, குளித்த பிறகுதான் உள்ளே வருவார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

1980-ல் பிறந்த எனக்கு ஐந்தாம் மாதத்திலேயே கன்னத்தில் கரப்பான் வந்ததாம். நான்கைந்து வயதில் இழுப்பு சேர்ந்துகொண்டது. "வயசுக்கு வந்தா எல்லாம் நின்னு போகும்" என்று அம்மிச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள். பையன்களில் நிறையப் பேருக்கு அப்படி நின்றுபோவதும் உண்டு. பெண்களுக்குக் கணக்கு வேறு. சின்ன வயதில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். பூப்படையும் பருவத்தைத் தாண்டியதும் அது பெண்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மூச்சிரைப்பு கூடுகிற பெண்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. பதின்மூன்று வயதில் சீர் செய்து பச்சை ஓலைக் குடிசையில் உட்காரவைத்தார்கள். அந்த ஓலை வாசனையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து, இரண்டாம் நாள் ராத்திரி என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று. உறவுக்காரர்கள் பார்த்துவிட்டார்களே என்பதுதான் அன்று வீட்டில் பெரிய கவலை.

"இளுப்புன்னு வெளிய சொல்லிப் போடாதே. சளின்னு சொல்லு." அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பொய் இது. பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்ற பயம் அவளுக்கு. நான் இருமினால் கூட்டத்தில் அவள் முகம் மாறும். அதனால் கல்யாண வீடுகளில் இருமலை அடக்கப் பழகினேன். இருமலை அடக்கினால் கண்ணில் நீர் வரும். யாராவது கேட்டால், "தூசி விழுந்துடுச்சுங்க" என்பேன். அது பொய்யும் இல்லை.

மூச்சுக்குக்கூடச் சளி என்று பெயர் வைத்துவிடலாம். தோலை எங்கே ஒளிப்பது?

முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து, கண்ணிமை. இந்த நான்கு இடமும் தடித்துக் கறுத்து யானைத்தோல் மாதிரி ஆகியிருந்தன. சொறிந்தால் நீர் கசியும், காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் எரியும், எரிச்சல் அடங்கியதும் மறுபடி அரிக்கும். ராத்திரியில் அரிப்பு கூடும். தூக்கத்தில் நானே சொறிந்துகொள்கிறேன் என்று அம்மா என் கையில் பழைய காலுறையை மாட்டிக் கட்டிவிடுவாள். பல்லால் அவிழ்த்துவிட்டுச் சொறிவேன். காலையில் போர்வையில் ரத்தப்புள்ளிகள் இருக்கும். அம்மா திட்டமாட்டாள், மௌனமாகப் போர்வையை ஊறவைப்பாள். அவள் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாவாடை தாவணி. ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். தையற்காரரிடம் சொல்லி அம்மா எனக்கு மட்டும் முழங்கைக்குக் கீழே நான்கு விரல் இறக்கித் தைத்து வாங்கினாள். முதல் நாளே பிரார்த்தனைக் கூட்டத்தில் என்னைத் தனியே நிறுத்திவைத்து ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தெரியாமல் கையைச் சுருட்டிக் காட்டினேன். கேட்டவர் ஓரடி பின்னால் போனார். அது சில விநாடி நடந்த விஷயம். அவர் அன்றைக்கே அதை மறந்திருப்பார். ஆனால் அந்த ஓரடி இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. அதன்பின் வகுப்பில் என் பெஞ்சில் மூவர் உட்காரும் இடத்தில் இருவர், பிறகு நான் மட்டும். "சிரங்கு" என்றார்கள். சிரங்கு ஒட்டும், கரப்பான் ஒட்டாது. அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவும் இல்லை.

சாப்பாட்டில் விலக்கு ஒரு பக்கம் நீண்டுகொண்டே போனது. கத்தரிக்காய், கருவாடு, மொச்சை, எல்லாம் கரப்பான் பண்டம். தயிர், வாழைப்பழம், கொய்யா, ஐஸ் எல்லாம் குளிர்ச்சி. விசேஷ வீட்டுப் பந்தியில் என் இலையில் மட்டும் பாதி காலியாக இருக்கும். இவற்றில் எது உண்மையாகவே எனக்கு ஆகாது, எது வெறும் வழக்கம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு பொருளைச் சாப்பிட்ட அன்று இழுப்பு வந்தால் அது பட்டியலில் சேர்ந்துவிடும். சேர்ந்தது ஒருநாளும் வெளியே வராது.

மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கும் வெளிர்நீலப் பம்பு ஒன்றை உள்ளூர் டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிய அன்றே பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள் அம்மா. "இது ஒருக்கா போட்டாப் பழகிப்போகும், அப்புறம் சாகற வரைக்கும் விடாது" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கிடைத்தது. மூச்சு அடைத்தால் நான்கு நாள், ஐந்து நாள் கொடுப்பார்கள். அற்புதம்போல் இழுப்பும் அரிப்பும் ஒன்றாக அடங்கும். பசி எடுக்கும். தூக்கம் போய்விடும். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துவேன், பிறகு அழுவேன். முகம் பந்துபோல உப்பியது. வகுப்பில் அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அந்த மாத்திரை ஸ்டீராய்டு என்பதும், அது மனநிலையையும் தூக்கத்தையும் கலைக்கக்கூடியது என்பதும் தெரியாததால், என் குணமே கெட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

1994 ஜூன் மாதம், பத்தாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரம், என்னை ஹைதராபாத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மிருகசீரிட நாளில் அங்கே மீன் மருந்து கொடுப்பார்கள். விரல் நீளமுள்ள உயிர் விரால்குஞ்சின் வாயில் மஞ்சள்நிற மருந்து உருண்டையை வைத்து, அந்த மீனை அப்படியே நம் தொண்டைக்குள் இறக்குவார்கள். பரம்பரையாக இலவசமாகக் கொடுக்கிறார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து சாப்பிட்டால் இழுப்பு போய்விடும் என்று பேச்சு. பக்கத்துத் தெருவிலிருந்து போய்வந்த ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா ஆலையில் முன்பணம் வாங்கினார்.

கோயம்புத்தூரில் ரயில் ஏறியதும் ஓர் ஆச்சரியம். எங்கள் பெட்டியிலேயே இன்னும் மூன்று நான்கு குடும்பங்கள் அதே காரியமாகப் போய்க்கொண்டிருந்தன. இருமல் சத்தத்தை வைத்தே ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம். என்னைவிட இரண்டு வயது பெரிய பெண் ஒருத்தி எதிர் இருக்கையில் இருந்தாள். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் நாங்கள் இருவர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். "உனக்கும் படுக்க முடியாதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். விடியும்வரை பேசினோம். எந்த மாதம் கூடும், எந்த வாசனை ஆகாது, வீட்டில் என்ன பொய் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாம். நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை என்பதை அன்றுதான் உடம்பால் உணர்ந்தேன். அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன், முகவரி கேட்கத் தோன்றவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

வரிசை ராத்திரியெல்லாம் நகர்ந்தது. ஆயிரக்கணக்கான பேர். கைக்குழந்தைகள், கிழவர்கள், கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர்கள். எல்லோர் கையிலும் தண்ணீர்ப் பையில் மீன். என் மீன் பைக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. என் முறை வந்ததும் யாரோ தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்கள், மூக்கைப் பிடித்தார்கள். வழுவழுப்பாக, உயிரோடு, அது தொண்டையில் துடித்துக்கொண்டு இறங்கியது. அப்பாவைப் பார்த்தேன். கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

அதன்பின் 45 நாள் பத்தியம். நான் மிகுந்த ஒழுக்கத்தோடு இருந்தேன். நிஜமாகவே குணமாகிவிட்டதுபோல இரண்டு வாரம் இருந்தது. முப்பதாவது நாளோ என்னவோ, ஒரு தோழியின் பிறந்தநாள் என்று வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கும் ஒருத்தி கையில் வைத்துவிட்டுப் போனாள், விரல் படாமல். ஆனாலும் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தில் வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆடி பாதியில் மேகாத்து உச்சத்தில் இருந்தபோது இழுப்பு திரும்பியது, முன்னைவிடக் கடுமையாக. அன்றைக்கு ராத்திரி நான்கு தலையணையில் சாய்ந்துகொண்டு நான் நினைத்தது இதுதான்: நான் அந்த மிட்டாயைத் தின்றேன். அப்பாவின் முன்பணம், ரயில் செலவு, அவர் கூப்பிய கை, அந்த மீனின் உயிர், எல்லாவற்றையும் ஒரு மிட்டாய்க்காக அழித்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி மாதக்கணக்கில் அப்படி ஒரு குற்றத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு நடமாடினாள். அந்த மருந்தால் ஆஸ்துமா தீரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. என் மிட்டாய்க்கும் அந்த இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

பதினொன்றாம் வகுப்பு வருஷத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தூக்கமில்லாத பிள்ளை மெல்ல மெல்ல வேறு ஆளாகிறது. அரிப்புக்கு ஒரு மாத்திரை, அது பகலெல்லாம் கிறங்கவைக்கும். மதிய வகுப்பில் தலை தொங்கும். மதிப்பெண் இறங்கியது. சோம்பேறி என்று பெயர் வந்தது. தோழிகள் வீட்டுக்குப் போவதை விட்டேன், பிறகு கோயிலுக்கு, பிறகு வாசலுக்கு. கண்ணாடியில் முகம் பார்க்காமல் தலை சீவப் பழகினேன். பிடித்த பாட்டு வானொலியில் வந்தாலும் எழுந்து போய் அணைத்துவிடுவேன். நான் இல்லாமல் போனால் அம்மாவாவது ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவாளே என்ற நினைப்பு ஒருநாள் வந்தது. வந்த நினைப்பு போகவில்லை, வீட்டில் ஒரு ஆள் மாதிரி கூடவே இருந்தது. அழுகைகூட வரவில்லை.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் ஆரம்பித்தது. அரையாண்டுத் தேர்வில் வினாத்தாளைப் பிரித்ததும் மூச்சு முட்டியது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது. உதடு மரத்துப்போகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. இழுப்புதான் என்று நினைத்து, பீரோவிலிருந்து திருடிப் பென்சில் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த பம்பை மேஜைக்கு அடியில் குனிந்து இரண்டு தரம் அடித்தேன். படபடப்பு கூடியது, கை நடுங்கியது. மறுபடி அடித்தேன். இன்னும் கூடியது. செத்துப்போகப் போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. தாளை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். மறுநாளும் அப்படியே. பிறகு பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலே. "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார்கள். பத்து வருஷம் உண்மையான இழுப்பைச் சளி என்று மறைத்தவளை, இப்போது நடிக்கிறாள் என்றார்கள்.

1996 மாசியில் கோயம்புத்தூருக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐம்பது வயதிருக்கும். என் முழங்கையைக் கையில் எடுத்து, மடிப்பைத் தன் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். கையுறை இல்லை. பின்வாங்கவும் இல்லை. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, நான் பாப்பாகிட்ட பேசணும்" என்றார். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ராத்திரி தூங்கறியா?"

"இல்லீங்க."

"தூங்காதப்போ என்ன நெனப்ப?"

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. எவ்வளவு மூச்சிரைக்கிறது, என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, இதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் மிட்டாயிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்த அந்த நினைப்பையும் சொன்னேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அளவுகோல் ஒட்டியது, உள்ளே சின்ன முள். "மூச்சை நல்லா இழுத்து, ஒரே ஊதா ஊது." முள் நகர்ந்து 340-ல் நின்றது. ஊதும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் கருவி. பேசில் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் 1959-ல் செய்த பெரிய கருவியின் சிறிய வடிவம் அது. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் எவ்வளவு முக்கி ஊதினாலும் எண் இறங்கிவிடும். பயத்தால் மூச்சு முட்டும்போது குழாய் திறந்தேதான் இருக்கும், எண் அதிகம் இறங்காது.

"உனக்கு ரெண்டு மூச்சுத்திணறல் இருக்கு பாப்பா. ஒண்ணு இழுப்பு. இன்னொண்ணு பயம். ரெண்டும் ஒரே சட்டையப் போட்டுக்கிட்டு வருது. ரெண்டுமே நிஜம், ரெண்டுமே நீ நடிக்கறதில்ல."

பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரலும் உதடும் மரக்கிறது என்று விளக்கினார். பம்ப் மருந்தே கையை நடுங்கவைக்கும், இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும்; அந்தப் படபடப்பைப் பார்த்து நான் மேலும் பயந்திருக்கிறேன். அந்தச் சுழலைத் தாளில் ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். அரிப்புக்கும் அப்படி ஒரு வட்டம் வரைந்தார்: அரிப்பு, சொறி, புண், தூக்கமின்மை, மனச்சோர்வு, மறுபடி அரிப்பு. எங்கே கை வைத்தாலும் வட்டம் கொஞ்சம் தளரும் என்றார். எண் இறங்கினால் யோசிக்காதே, உடனே பம்ப்; அதிலும் அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. எண் இறங்கவில்லை என்றால் உட்கார்ந்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கு. ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு.

அம்மாவை உள்ளே அழைத்துப் பழுப்புநிறப் பம்பு ஒன்றைத் தினமும் அடிக்கச் சொன்னார். "பழகிடுமேங்க" என்றாள் அம்மா. "நீங்க குடுத்த வெள்ளை மாத்திரை மில்லிகிராம் கணக்கு. இது மைக்ரோகிராம், ஆயிரத்துல ஒண்ணு. நேரா எங்க வேணுமோ அங்க போகுது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்மா. முதல்ல பிள்ளை வேணும்" என்றார். அந்த ஒரு வரியில் அம்மா உடைந்துபோனாள். என் ராத்திரி நினைப்பை அவர் அம்மாவிடம் சொன்னார், எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டுவிட்டுச் சொன்னார். மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். மாதம் ஒருமுறையாக ஆறேழு மாதம் போனோம். உறவுக்காரர்களிடம் பல் வைத்தியம் என்று சொன்னோம். அந்தப் பொய்யை மட்டும் நான் மன்னித்துவிட்டேன்.

குழாயோடு ஒரு நோட்டும் வாங்கச் சொன்னார். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதலில் காலை எண், அடுத்து மாலை எண், மூன்றாவதில் மனசு எப்படி இருந்தது என்று ஒரே ஒரு வார்த்தை. முதல் பக்கங்களில் அந்த மூன்றாவது கட்டம் முழுக்க "பரவால்ல", "பரவால்ல" என்று இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் "வெறுப்பு" என்று ஒரு நாள். "பயம் 350" என்று ஒரு நாள்: அன்று தேர்வறைக்கு முன்னால் மூச்சு முட்டியபோது தாழ்வாரத்தில் ஒளிந்து நின்று ஊதிப் பார்த்தேன். முள் 350-ல் நின்றதைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உள்ளே போய்த் தேர்வு எழுதினேன். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் அம்மாவே கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். எண் இல்லை. மூன்றாவது கட்டத்தில் மட்டும் அவள் கோணல் எழுத்தில், தன் மனசைப் பற்றி, "வீடு வெறிச்" என்று இருக்கிறது. அவளுக்கும் அப்படி ஒரு கட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

கல்லூரி நூலகத்தில் ஒரு நாள், மனமும் உடலும் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது ஃபிரான்ஸ் அலெக்ஸாண்டர் என்ற சிகாகோ உளப்பகுப்பாய்வாளரைப் பற்றிப் படித்தேன். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் ஏழு நோய்களை மனத்திலிருந்து பிறப்பவை என்று வகைப்படுத்தியிருந்தார். ஏழில் இரண்டு என்னுடையவை: ஆஸ்துமா, அரிப்புத் தோல்நோய். தாயை நினைத்து அடக்கிக்கொண்ட அழுகைதான் இழுப்பாக வருகிறது என்று அந்த வழியில் வந்தவர்கள் நினைத்தார்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டுக் கூனியிருப்பார்கள்! பிறகு 1966-ல் இஷிசாகா தம்பதி ஐஜிஇ என்ற எதிர்ப்புப்பொருளைக் கண்டுபிடித்தபோது, ஒவ்வாமை ரத்தத்தில் அளக்கக்கூடிய விஷயமாகியது. நல்லதுதான். ஆனால் மனம் காரணமில்லை என்று தெரிந்ததும், மனத்தைப் பற்றிக் கேட்பதையே பலர் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இழுப்பு மனத்திலிருந்து பிறப்பதில்லை. ஆனால் பதினைந்து வயது மனத்துக்குள் அது போய்க் குடியேறுகிறது.

2009-ல் எனக்கு மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் அவள் கன்னம் சிவந்து சொரசொரத்தது. அம்மா அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளத்தாச்சியா இருக்கறப்ப நீ என்ன தின்ன?" என்று கேட்டாள். அப்புறம் பதிலுக்குக் காத்திராமல், "நான் கருவாடு தின்னுட்டேன் கண்ணு. உன்னைய வவுத்துல வெச்சிருக்கறப்ப. உங்க அப்பத்தா வேண்டாம்னாங்க. ஆசையா இருந்துச்சு, ஒளிச்சு வெச்சுத் தின்னேன்" என்றாள்.

முப்பது வருஷம் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள். என் மிட்டாயும் அவள் கருவாடும் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒன்றையொன்று அறியாமல் படுத்திருந்திருக்கின்றன. மகள் பிறப்பதற்கு மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஸ்காட்லாந்தில் டண்டீ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தோலின் மேல்சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறையையும் கரப்பானையும் தொடர்புபடுத்திக் காட்டியிருந்தார்கள். சுவரில் விரிசல் இருப்பதால் ஈரம் வெளியே போகிறது, தூசியும் மற்றதும் உள்ளே வருகிறது. எல்லோருக்கும் அதே குறை என்று சொல்ல முடியாது, ஆனால் இது வழிவழியாக வருவது, தின்றதால் வருவதில்லை என்று அம்மாவுக்கு என்னால் முடிந்தவரை சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப கருவாட்டால இல்லையா?" "இல்லம்மா." "நெசமா?" அன்று சாயங்காலம்வரை மூன்று நான்கு தரம் கேட்டாள்.

மகளுக்கும் ஏழு வயதில் இழுப்பு வந்தது. அவளுக்கு நான் எதையும் ஒளிக்கச் சொல்லவில்லை. பம்ப் அவள் பள்ளிப்பையின் வெளிப்பையில் இருக்கும். அவள் படிக்கும் பள்ளியின் சுவரில் 14416 என்ற மனநல உதவி எண்ணைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

2022-ல் அவளுக்குப் பதின்மூன்று வயது. மூக்கொழுகலும் இருமலும் விடாததால் ராத்திரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மான்டெலுகாஸ்ட். சில வாரங்களில் இருமல் குறைந்தது. ஆனால் ராத்திரியில் அலறி எழுந்தாள். தண்ணீருக்குள் இழுக்கப்படுவதுபோல் கனவு என்றாள். பகலில் சிடுசிடுப்பு, காரணமில்லாத அழுகை, வரைவதை நிறுத்திவிட்டாள். இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். என் வாயிலும் அந்த வார்த்தை வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என்னைப் பற்றியும் அப்படித்தானே சொன்னார்கள். அந்த மருந்து சிலருக்குக் கொடுங்கனவு, மனநிலை மாற்றம், சாகும் எண்ணம்வரை கொண்டுவரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கையாக அறிவித்திருந்தது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை, பலருக்கு நல்ல பயன் உண்டு. ஆனாலும் எழுதிக் கொடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரையை நிறுத்தி மூக்கில் அடிக்கும் மருந்துக்கு மாற்றினார். கொஞ்ச நாளில் கனவுகள் அடங்கின. மறுபடி வரைகிறாள்.

அவளுக்கும் ஊதும் குழாய் ஒன்று வாங்கி, நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். மூன்றாவதை அவள் காகிதத்தின் ஓரத்தோடு உள்பக்கமாக மடித்துவிடுகிறாள். நான் பிரித்துப் பார்ப்பதில்லை. சில ராத்திரி, படுக்கப் போன பிறகு, தலையணையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுப்பாள். "அம்மா, மூணாவது கட்டம்" என்பாள். நான் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வருவேன். இருட்டில்தான் அவளுக்குப் பேச்சு வரும்.